படம் முடிந்த பிறகும் வாழும் இசை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் சலரோகம், பிரஷர், மூட்டுவலி என்று ஏதாவது சொல்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இன்று அவற்றுக்கு விடுமுறை. சங்கத்தார் தலைப்பை எங்கள் விருப்பத்துக்கு விட்டபடியால், எங்கள் வகுப்புத் தோழிகள் ஆறு பேர் சில வருடங்களாகச் சேர்ந்து கேட்டுவரும் ஓர் இசையைப் பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையவழியில் கூடுவோம். யாழ்ப்பாணத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம், லண்டனில் பின்னேரம், ரொறன்ரோவில் காலைத் தேநீர். மெல்பேர்னில் இருப்பவர்தான் பாவம், நித்திரையை விட்டு வருகிறார். எல்லோரும் ஒரே இசைத்தட்டைக் கேட்டுவிட்டு அதைப் பற்றிக் கதைப்போம். எங்களில் மேலைத்தேய இசையை முறையாகப் படித்தவர் ஒருவரே. மற்றவர்கள் எல்லோரும் வெறும் காது உள்ளவர்கள்.

நாங்கள் கேட்பது 1930களிலிருந்து 1950கள் வரை ஹொலிவூட் படங்களுக்காகப் பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்த இசையை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த இசையைப் பின்னாளில் வேறு இசைக்குழுக்கள் புதிதாக வாசித்துப் பதிவு செய்த தட்டுகளை. படத்தில் இருப்பதை ஏன் மறுபடி வாசிக்க வேண்டும் என்று எங்கள் வீடுகளிலும் கேட்டார்கள். இந்த உரை அந்தக் கேள்விக்கான பதில்தான். பதிலின் கடைசிப் பகுதி எங்கள் கல்லூரியையும் தொடும்.

முதலில் அந்த இசை எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் வார்னர் பிரதர்ஸ், எம்ஜிஎம், பரமவுண்ட் போன்ற பெரிய ஸ்டூடியோக்கள் தங்களுக்கென்றே சம்பளம் கொடுத்து வாத்தியக் குழுக்களை வைத்திருந்தன. படம் எடுத்து வெட்டி ஒட்டி முடிந்த பிறகுதான் அது இசையமைப்பாளரின் கைக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களே அவகாசம். அவர் ஒரு சில வரிகளில் சுருக்கமாக எழுதுவார். எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்ற குறிப்பும் அதில் இருக்கும். இன்னொருவர் அதை முழு வாத்தியக் குழுவுக்குமான இசைப்பிரதியாக விரித்தெழுதுவார். அதற்குப் பிறகு பிரதியெழுதுவோர் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் எழுதவேண்டும். ஐம்பது, அறுபது பேர் வாசிக்கும் இசைக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். இவ்வளவும் முடிந்து, வாத்தியக்காரர்கள் அநேகமாக முதற்பார்வையிலேயே வாசிக்க, பதிவு நடக்கும்.

அப்படிப் பதிவானது ஒற்றை வழி ஒலியில், படச்சுருளின் ஓரத்தில். மிக மெல்லிய உயர் ஒலிகளும் ஆழமான கீழ் ஒலிகளும் அதில் நிற்காது. போதாததற்கு, கதாநாயகி வாய் திறந்தவுடன் இசையின் ஒலியைக் குறைத்துவிடுவார்கள். வாள்சண்டை வந்தால் இரும்புச் சத்தம் மேலே, இசை கீழே. இசையமைப்பாளர் எழுதியது முழுவதும் கொட்டகையில் இருந்தவர் காதில் விழவே இல்லை.

வைத்திய மாணவிகளாக இருந்தபோது எங்கள் கையில் முதன்முதலாக ஸ்டெதஸ்கோப்பைத் தந்தவர்கள், நோயாளி கதைக்கும்போது நெஞ்சில் வைத்துக் கேளாதீர்கள் என்று சொல்லித் தந்தார்கள். கதைக்கும் குரல் உள்ளே இருக்கும் மெல்லிய ஒலியை மூடிவிடும். பழைய ஹொலிவூட் படத்தின் இசையைப் படத்தோடு கேட்பதும் அப்படித்தான். சத்தம் வருகிறது, ஆனால் முணுமுணுப்பு எங்கே, துடிப்பு எங்கே என்று பிரித்தறிய முடியாது.

பதிவு முடிந்ததும் அந்தத் தாள்களுக்கு என்ன நடந்தது? படம் ஓடி முடிந்தால் அவற்றால் ஸ்டூடியோவுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. பெட்டியில் கட்டிக் களஞ்சியத்தில் போட்டார்கள். சில ஸ்டூடியோக்கள் கவனமாக வைத்திருந்தன. வார்னர் பிரதர்ஸின் தாள்களில் பெரும்பகுதி இன்று தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. எம்ஜிஎம்மின் கதை வேறு. 1969ஆம் ஆண்டளவில் அந்த நிறுவனம் கை மாறியபோது, களஞ்சியத்தில் இடம் பிடித்துக்கொண்டிருந்த இசைப்பிரதிகளையும் வாத்தியப் பிரதிகளையும் குப்பையாக அள்ளி, பள்ளம் நிரப்பும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பல படங்களுக்கு மிஞ்சியது பியானோவில் வாசிக்கத்தக்க ஒரு சுருக்கப் பிரதி மட்டுமே. முப்பது வருடங்களாக நூற்றுக்கணக்கானோர் எழுதிய எழுத்து அது.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எங்களுக்குத் தாள் அழிவதன் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. 1981இல் பொதுசன நூலகம் எரிந்தபோது எங்களில் சிலர் தொட்டிலில் இருந்தோம், சிலர் இன்னும் பிறக்கவில்லை. ஆனாலும் அந்தச் சாம்பலின் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அது பகையால் அழிந்தது. எம்ஜிஎம்மின் தாள்கள் அலட்சியத்தால் அழிந்தன. காரணம் வேறாக இருந்தாலும், திரும்ப எழுதவேண்டிய வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இந்த இசையை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொரு விஷயம் புரிகிறது. அவர்களில் பலர் இடம்பெயர்ந்தவர்கள். பிரான்ஸ் வக்ஸ்மன் பெர்லினில் திரைப்பட இசையில் வேலை செய்துகொண்டிருந்த யூதர். 1934இல் நாசிகள் அவரை நடுத்தெருவில் அடித்தார்கள். அவர் பரிசுக்குப் போய், அங்கிருந்து ஹொலிவூட்டுக்கு வந்தார். மிக்லோஸ் ரோஷா புடாபெஸ்டில் பிறந்து, பரிஸ், லண்டன் வழியாக வந்தவர். மக்ஸ் ஸ்டைனர் வியன்னாக்காரர். முதலாம் உலக யுத்தம் தொடங்கியபோது லண்டனில் இருந்து, எதிரி நாட்டவர் என்ற நிலையில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்.

இவர்களுள் எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்டின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். எங்கள் கேட்டல் அவரிடத்தில்தான் தொடங்கியது. 1897இல் பிறந்தவர். வியன்னா நகரம் வாயைப் பிளந்து பார்த்த பாலமேதை. பதினொரு வயதில் எழுதிய ஒரு நாட்டிய நாடகம் 1910இல் வியன்னா அரச ஒப்பேராவில் அரங்கேறியது. இருபத்துமூன்று வயதில் அவருடைய ஒப்பேரா ஐரோப்பா முழுவதும் ஓடியது. 1934இல் ஒரு படத்துக்கு உதவ ஹொலிவூட் வந்தார். பிறகு வியன்னாவுக்கும் ஹொலிவூட்டுக்குமாகப் போய்வந்தார். 1938 ஜனவரியில் அவர் வியன்னாவில் இருந்தபோது, ‘றொபின் ஹூட்’ படத்துக்கு இசை எழுத வரும்படி வார்னர் பிரதர்ஸ் தந்தி அனுப்பியது. புறப்பட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, இது முழுக்கச் சண்டைப் படம், என்னால் இயலாது என்று முதலில் மறுத்தார். அந்த நாட்களிலேயே ஒஸ்திரியாவின் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. ஒப்புக்கொண்டார். மார்ச்சில் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வீடு, உடைமை எல்லாம் போயிற்று. ‘றொபின் ஹூட்’ தன் உயிரைக் காப்பாற்றிய படம் என்று அவர் பின்னாளில் சொல்வதுண்டு. அந்தப் படத்தின் இசைக்கு ஒஸ்காரும் கிடைத்தது.

யுத்தம் முடியும் வரை அவர் எழுதியது அநேகமாகப் படங்களுக்கே. முடிந்த பிறகு மேடை இசைக்குத் திரும்பினார். ஆனால் வியன்னா அவரைப் பழைய காலத்து மனிதராகப் பார்த்தது. மேடை விமர்சகர்களோ ஹொலிவூட் ஆள் என்று ஒதுக்கினார்கள். 1957இல் அறுபது வயதில் காலமானபோது, தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனார். இரண்டு ஊரிலும் சொந்தமில்லாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும்.

அவர் மறைந்து பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, 1972இல், லண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில் ஒரு வாத்தியக் குழு கூடியது. பெயர் நஷனல் பில்ஹார்மொனிக். மேடைக் கச்சேரிக்காக அல்ல, ஒலிப்பதிவுக்காகவே லண்டனின் சிறந்த வாத்தியக்காரர்களைத் திரட்டிய குழு அது. இசையை நடத்தியவர் அமெரிக்கரான சார்ள்ஸ் ஜெர்ஹாட். ஒலிப்பதிவாளர் கென்னத் வில்கின்சன். தயாரிப்பாளர் ஜோர்ஜ் கோர்ன்கோல்ட், இசையமைப்பாளரின் இளைய மகன். தந்தை எழுதிய தாள்களை ஸ்டூடியோக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, படங்களில் சிதறிக் கிடந்த துண்டுகளைத் தொடர்ந்து கேட்கக்கூடிய வடிவில் ஒழுங்குபடுத்திப் பதிவு செய்தார்கள். ‘த சீ ஹோக்’ என்ற 1940ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைப் படத்தின் பெயரிலேயே அந்த ஆர்சிஏ இசைத்தட்டு வந்தது.

தட்டு தொடங்கியவுடன் எக்காளங்கள் எழும்பும். படத்தில் அவை ஒரு தகரக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல இருக்கும். இங்கே இடப்பக்கம் ஹோர்ன், வலப்பக்கம் ட்ரொம்போன், பின்னால் பறை, நடுவில் வயலின்கள் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும். கடற்காட்சி முடிந்து காதல் மெட்டு வரும்போது, அதன் அடியில் ஹார்ப்பும் செலஸ்டாவும் சிறு மணிபோல ஒலிப்பதைக் கேட்கலாம். முப்பது வருடத்துக்கு முன்னே எழுதிய ஒரு மனிதர் அந்த மணிகளைத் தாளில் குறித்திருந்தார் என்பதே அதுவரை பலருக்குத் தெரியாது.

கிங்ஸ்வே மண்டபம் உண்மையில் ஒரு மெதடிஸ்த சபையின் கட்டடம். அதற்குக் கீழே பாதாள ரயில் ஓடும். அங்கு பதிவான பல தட்டுகளில், இசை அடங்கும் நேரத்தில், தூரத்தில் ரயில் உறுமுவதைக் கூர்ந்த காதுகள் பிடித்துவிடும். இருந்தும் அந்த மண்டபத்தின் எதிரொலி அவ்வளவு அழகு என்பதால் இசைக்குழுக்கள் அங்கே திரும்பத் திரும்பப் போயின. 1998இல் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அதன் ஒலி தட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த முதல் தட்டு எதிர்பாராத அளவு விற்றது. தொடர்ந்து ஜெர்ஹாட்டும் ஜோர்ஜ் கோர்ன்கோல்டும் ஸ்டைனர், வக்ஸ்மன், ரோஷா, அல்பிரட் நியூமன், பேர்னாட் ஹேர்மன், டிமிட்ரி தியோம்கின் ஆகியோரின் இசைக்குத் தனித்தனித் தட்டுகள் செய்தார்கள். ‘கோன் வித் த வின்ட்’ படத்துக்கு ஒரு முழுத் தட்டு. பெற் டேவிஸ் நடித்த படங்களின் இசைக்கு ஒரு தட்டு. சில வருடங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்துக்காக ஜோன் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவை அமர்த்திப் பெரிய வாத்திய இசையைத் திரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அதன் தொடக்கத்தைக் கோர்ன்கோல்டின் ‘கிங்ஸ் றோ’ இசையோடு பலரும் ஒப்பிட்டார்கள். ‘கிங்ஸ் றோ’வின் தொடக்க இசையும் அந்த 1972ஆம் ஆண்டுத் தட்டில் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள், பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது பெண்கள் கல்லூரியின் விழா. ஆகவே ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். எலினோர் அலர் வார்னர் பிரதர்ஸ் வாத்தியக் குழுவின் முதன்மைச் செலோ வாத்தியக் கலைஞர். பெரிய இசைக்குழுக்கள் பெண்களைச் சேர்க்கத் தயங்கிய காலம் அது. 1946இல் வந்த ‘டிசெப்ஷன்’ படத்தின் கதையில் ஒரு செலோக் கலைஞர் வருகிறார். நடித்தவர் போல் ஹென்றீட். அவருடைய மேற்சட்டைக் கைகளுக்குள் பின்னாலிருந்து இரண்டு செலோக்காரர்கள் கை நுழைத்து, ஒருவர் வில்லையும் மற்றவர் தந்தியையும் கவனிக்க, திரையில் அவர் வாசிப்பதுபோலவே தெரியும். காதில் விழுவதோ எலினோர் அலரின் வாசிப்பு. படத்துக்காகக் கோர்ன்கோல்ட் எழுதிய அந்தச் செலோ இசை பின்னர் விரிவாகி முழுக் கச்சேரி இசையானது. அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மொனிக்கோடு மேடையில் முதன்முதலாக வாசித்தவரும் எலினோரே. அன்று அவர் யாருடைய சட்டைக் கைக்குள்ளும் மறைந்திருக்கவில்லை. அவருடைய மகன் லெனாட் ஸ்லட்கின் பின்னாளில் புகழ்பெற்ற இசை நடத்துநரானார்.

வைத்தியர்களுக்கென்று ஒரு படமும் உண்டு. 1945இல் வந்த ‘ஸ்பெல்பௌண்ட்’. இன்கிரிட் பேர்க்மன் அதில் மனநோய் வைத்தியராக வருகிறார். ஞாபகம் தொலைந்த ஒருவனுக்கு அவர் வைத்தியம் செய்கிறார். அந்த நோயாளிக்கு மனம் கலங்கும்போதெல்லாம் விநோதமான ஒரு நடுக்க ஒலி கேட்கும். அது தெரமின் என்ற மின்வாத்தியம். கை படாமல், காற்றில் விரல்களை அசைத்தே வாசிப்பார்கள். ரோஷாவின் இசைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அந்தப் படத்துக்குத் தெரமின் வாசித்த சாமுவேல் ஹொஃப்மன் தொழிலால் ஒரு பாத வைத்தியர் என்பதை அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பகலில் கால் ஆணிக்கு மருந்து, மாலையில் ஸ்டூடியோ. வேலைக்குப் போனபிறகு வீணையை, வயலினை மூடி வைத்துவிட்ட தங்கைமார் இதைக் கவனிக்க.

எங்கள் நாட்டுக்கும் இந்த இசையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. 1953இல் விவியன் லீ இலங்கைக்கு வந்து ‘எலிபன்ட் வோக்’ படத்தில் நடிக்கத் தொடங்கி, நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அந்த இடத்தில் நடித்தார். அந்தத் தேயிலைத் தோட்டப் படத்துக்கு இசை பிரான்ஸ் வக்ஸ்மன், பெர்லின் தெருவில் அடிவாங்கிய அதே மனிதர். அடுத்தது கித்துல்கலவில் எடுத்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’. 1957இல் வந்தது. இங்கிலாந்துக்காரரான மல்கம் ஆர்னல்ட் அதன் இசைக்கு ஒஸ்கார் பெற்றார். அதிலே சீட்டியடித்துக்கொண்டு வரும் அணிநடை மெட்டை எங்கள் விளையாட்டுப் போட்டிகளில் பாண்ட் வாசித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த மெட்டு படத்துக்காக எழுதியதல்ல, 1914இல் ஒரு பிரித்தானிய இராணுவ இசைக்கலைஞர் எழுதியது. ஆர்னல்ட் தானே எழுதிய இன்னோர் அணிநடையை அதன்மேல் பொருத்தினார். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பதைப் படத்தில் பிரித்துக் கேட்பது கஷ்டம். கிறிஸ்தோபர் பாமர் என்பவர் அந்தப் படத்தின் இசையைக் கச்சேரி வடிவில் கட்டியெழுப்ப, 1990களின் தொடக்கத்தில் றிச்சட் ஹிக்கொக்ஸ் லண்டன் சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்தார். அந்தத் தட்டில் இரண்டு அணிநடைகளும் அருகருகே நடந்துபோகும்.

இதுவரை சொன்னவற்றுக்குப் படத்தில் ஓர் ஒலியாவது இருந்தது. அதுவும் இல்லாத ஓர் இசையும் உண்டு. 1966இல் ஹிட்ச்கொக்கின் ‘டோர்ன் கேர்ட்டின்’ படத்துக்கு பேர்னாட் ஹேர்மன் எழுதினார். ‘சைக்கோ’வுக்கு வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எல்லோரையும் நடுங்கவைத்தவர் அவர். இம்முறை வயலினே இல்லை. பன்னிரண்டு புல்லாங்குழல், பதினாறு ஹோர்ன், ஒன்பது ட்ரொம்போன். ஸ்டூடியோவுக்குத் தேவைப்பட்டது வானொலியில் ஓடக்கூடிய இலகுவான இசை. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே ஹிட்ச்கொக் அதை நிறுத்திவிட்டார். பதினொரு வருடம் அவர்கள் சேர்ந்து செய்த வேலையும் நட்பும் அன்றோடு முடிந்தன. வேறொருவர் இசையமைத்தார். ஹேர்மன் 1975இல் காலமானார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு எல்மர் பேர்ன்ஸ்டைன் என்ற இன்னோர் இசையமைப்பாளர் அந்த நிராகரித்த தாள்களை எடுத்து, றோயல் பில்ஹார்மொனிக் ஓர்கெஸ்ட்ராவைக் கொண்டு பதிவு செய்தார். தன் தொழிலைச் சேர்ந்த மற்றவர்களின் இசை அழியக்கூடாது என்பதற்காக, சந்தா செலுத்துவோருக்குத் தபாலில் தட்டு அனுப்பும் ஒரு திட்டத்தை அவர் 1970களில் நடத்திவந்தார். தன் இசையை மட்டும் அவர் காப்பாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

தாளே இல்லாவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் காது வேலைக்கு வருகிறது. ஜோன் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர் எம்ஜிஎம்மின் இசைப் படங்களை மறுபடி எழுத முனைந்தார். மிஞ்சிய பியானோச் சுருக்கப் பிரதியை முன்னால் வைத்து, படத்தின் ஒலியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, இரண்டாம் கிளரினெட் என்ன வாசிக்கிறது, வியோலா எங்கே நுழைகிறது என்று ஒவ்வொன்றாக எழுதினார். சில விநாடி இசைக்குப் பல மணி நேரம். 2009இல் லண்டனின் புறொம்ஸ் கச்சேரித் தொடரில் அவருடைய குழு அதை முழுமையாக வாசித்தபோது, குப்பைக்குப் போன தாள்கள் அந்த மேடையில் திரும்பி எழுந்தன என்றே சொல்லலாம். அதற்கு முன் 1990களில் ஜோன் மோர்கன், வில்லியம் ஸ்ட்ரோம்பேர்க் என்ற இரு அமெரிக்கர்கள் ஸ்டைனரின் 1933ஆம் ஆண்டு ‘கிங் கொங்’ இசை உட்படப் பலவற்றை இவ்வாறு மீட்டெழுதி, மொஸ்கோவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள சிம்பொனிக் குழுவைக் கொண்டு பதிவு செய்தார்கள். கோர்ன்கோல்டின் ‘றொபின் ஹூட்’ முழு இசையும் அவர்களாலேயே வந்தது. பிராக் நகரின் இசைக்குழு ரோஷாவின் ‘எல் சிட்’, ‘பென்-ஹர்’ இரண்டையும் முழுமையாக வாசித்திருக்கிறது. வியன்னாவில், புடாபெஸ்டில் வேரூன்றிய இசை ஹொலிவூட்டில் ஒலித்து, லண்டனிலும் மொஸ்கோவிலும் பிராக்கிலும் உயிர்பெற்றிருக்கிறது.

மறுபதிவு அசல் அல்ல, படத்துக்காக அன்று வாசித்த வேகமும் துடிப்பும் வராது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ‘சைக்கோ’ இசையை ஹேர்மனே 1975இல் லண்டனில் மறுபடி நடத்தியபோது, படத்தில் இருந்ததைவிட மெதுவாகத்தான் நடத்தினார். எழுதியவரே மாற்றி வாசிக்கும்போது அசல் என்பது எது? இதைப் பற்றி எங்கள் ஆறு பேருக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தர்க்கம் நடந்தது. கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான். பழைய பதிவு அன்று நடந்ததற்குச் சாட்சி. ஆனால் பதிவு ஒன்றை மட்டும் வைத்திருந்தால் அந்த இசையை வேறு யாரும் வாசிக்க முடியாது. தாள் இருந்தால் நாளைக்கு ஒரு பிள்ளை அதை எடுத்து வாசிப்பாள். இசை அடுத்த தலைமுறைக்குப் போவது அந்த வழியால்தான்.

இனி எங்கள் கல்லூரிக்கு வருவோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை இங்கே விபரிக்கத் தேவையில்லை. வலிகாமத்திலிருந்து எல்லோரும் நடந்தோம். திரும்பி வந்தபோது சங்கீத அறை அலுமாரியில் இருந்த கொப்பிகள் இல்லை. பரிசளிப்பு விழாக்களுக்கு ரீச்சர்மார் எழுதி மெட்டமைத்த வரவேற்புப் பாடல்கள், நாட்டிய நாடகங்களின் பாட்டுகள், கல்லூரிக் கீதத்துக்கு மூன்று குரலில் பிரித்தெழுதிய பிரதி, பாண்டுக்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கையால் எழுதிய தாள்கள், எல்லாம் போயின. கல்லூரிக் கீதத்தை இன்றும் பாடுகிறோம், ஆனால் ஒரே குரலில். இரண்டாம் குரலும் மூன்றாம் குரலும் எப்படி நகர்ந்தன என்று தெரிந்தவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில், நல்லூரிலும் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

வைத்தியர்களாக ஒன்று சொல்லமுடியும். மறதி நோய் வந்தவர்களிடம்கூட, பிள்ளையின் பெயர் போன பிறகும், சிறுவயதில் பாடிய பாட்டு நெடுநாள் தங்கி நிற்பதை வைத்தியசாலைகளில் அடிக்கடி காண்கிறோம். ஆகவே இது இன்னும் முடியக்கூடிய வேலை. ஆனால் பத்து வருடம் பொறுத்தால் முடியாது.

சங்கத்தின் முன்னால் நான்கு விஷயங்களை வைக்கிறோம். முதலாவது, எந்த ஆண்டில் எந்தப் பாட்டு, எந்த நாடகம், மெட்டமைத்தவர் யார் என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு வகுப்புக் குழுவும் தங்களுக்கு நினைவிருப்பதை எழுதினால் போதும், பிழை இருந்தால் அக்காமார் திருத்துவார்கள். இரண்டாவது, முதிய ரீச்சர்மாரையும் அக்காமாரையும் அவர்கள் இருக்கும் ஊர்களிலேயே போய்ச் சந்தித்து, கைத்தொலைபேசியில் என்றாலும் சரி, பாடச் சொல்லிப் பதிவு செய்வது. கோர்வையாகப் பாட வேண்டியதில்லை. ஒரு வரி முணுமுணுத்தாலும் பெறுமதியே. மூன்றாவது, அந்தப் பதிவுகளைக் கேட்டு, இசை படித்தவர்கள் சுரம் எழுதுவது. கர்நாடக முறையிலும் மேலைத்தேய முறையிலும் எழுதினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வாசிக்கலாம். எழுதியதில் ஒரு பிரதி கல்லூரி நூலகத்திலும், ஒன்று சங்கத்திடமும், ஒன்று நாட்டுக்கு வெளியே ஒரு கிளையிடமும் இருக்கட்டும். மூன்று இடம் ஏன் என்பதை எங்கள் தலைமுறைக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நான்காவதுதான் முக்கியம். எழுதியதை அலுமாரியில் பூட்டக்கூடாது. அடுத்த பரிசளிப்பு விழாவில் இன்றைய பிள்ளைகள் கல்லூரிக் கீதத்தை மூன்று குரலில் பாடவேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் குரலில் தடுமாறினாலும் பரவாயில்லை. அவள் தடுமாறிப் பழகிய குரல் அவள் போகும் ஊருக்கெல்லாம் அவளோடு போகும். இந்த நான்குக்கும் ஆகும் செலவின் முதற் பங்கை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. சுரம் எழுத எங்கள் தோழி ஒருவர் ஏற்கெனவே பென்சில் சீவி வைத்திருக்கிறார்.

இன்று வீட்டுக்குப் போய் நீங்கள் கேட்டுப் பார்ப்பதற்கு ஒரே ஒரு தட்டைச் சொல்வதென்றால், 1972ஆம் ஆண்டு ‘த சீ ஹோக்’ தட்டையே சொல்வோம். திரையைப் பார்க்காமல், கண்ணை மூடி, ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். மறந்துபோனதாக நினைத்துக் கண் மூடிய ஒரு தந்தையின் கையெழுத்தை, அவருடைய மகன் எடுத்து வந்து எண்பது தொண்ணூறு பேர் முன் விரித்து வைத்த வேலை அது. எங்கள் ரீச்சர்மாரின் கையெழுத்துக்கு அப்படிச் செய்யவேண்டியவர்கள் வேறு யாருமில்லை, அவர்களின் பிள்ளைகளாகிய நாங்கள்தான்.